ஒளியை முந்தும் கட்டளை

"ஆட்டம்தானேப்பா, இதுல போய் விஞ்ஞானம் பார்க்கணுமா?" என்கிறார்கள் நண்பர்கள். பார்க்கத்தான் வேண்டும். 1993இல் 'மாஸ்டர் ஆஃப் ஓரியன்' என்ற விண்வெளிப் பேரரசு விளையாட்டை முன்வைத்து, ஆலன் எம்ரிக் இவ்வகைக்கு நான்கு வினைகளில் இலக்கணம் சொன்னார்: தேடு, பரவு, சுரண்டு, அழி. 2016இல் வந்த 'ஸ்டெல்லாரிஸ்' விளையாட்டும் இதற்குள்தான் இயங்குகிறது. அதில் பல ஒளியாண்டு தள்ளியிருக்கும் கப்பலுக்கும் கட்டளை அந்தக் கணமே போய்ச் சேர்கிறது.

நிஜத்தில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்ஸிமா சென்டாரிக்கே ஒளி போய்ச்சேர 4.2 ஆண்டுகள், பதில் வர இன்னொரு 4.2. உத்தரவு போறதுக்குள்ள அங்கே கலகம் வென்று புது அரசே அமைந்திருக்கும்!

ஒளியின் வேகத்தை மதித்தால் மையத்தின் பிடி தளர்கிறது. ஆகவே இது கவனப்பிழை அல்ல; அந்த நான்கு வினைகளுக்கும் இந்தப் பொய் தேவைப்படுகிறது. பௌதிகம் எங்கே வளைக்கப்படுகிறது என்று பாருங்கள். அதிகாரம் காணும் கனவு அங்கேதான் கிடக்கிறது.