ஆங்கில வினைக்காலங்களும் காலக்குறிப்புச் சொற்களும்

ஆங்கில மொழியில் ஒரு செயல் நிகழ்ந்த நேரம், நாள், ஆண்டு, கால அளவு முதலியவற்றைச் சுட்டும் சொற்களும் சொற்றொடர்களும் காலக்குறிப்புச் சொற்கள் எனப்படும். யெஸ்டர்டே, சின்ஸ், ஃபார், அகோ, அன்டில், ஆல்ரெடி முதலியன இவற்றுள் அடங்கும். ஆங்கிலத்தில் இச்சொற்கள் எல்லா வினைக்காலங்களுடனும் சேர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு சொல்லும் சில வினைக்காலங்களை மட்டுமே ஏற்கும். தமிழில் இதே கட்டுப்பாடு வேறு வகையில் அமைந்திருப்பதால், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்போரிடம் குறிப்பிட்ட சில பிழைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

இக்கட்டுரை, நாட்கணக்கை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் காவிரிப் படுகையின் நெல் வேளாண்மையிலிருந்து எடுத்துக்காட்டுகளைக் கொண்டு இவ்வேறுபாடுகளை விளக்குகின்றது.

காவிரிப் படுகையில் ஆங்கிலக் கல்வி

தஞ்சைப் பகுதியில் ஆங்கிலக் கல்வி நீண்ட வரலாறு உடையது. செருமானிய மறைப்பணியாளரான சுவார்ட்சு 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தஞ்சாவூரில் ஆங்கிலப் பள்ளியை நிறுவினார். 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோசி அவருடைய பொறுப்பில் கல்வி பெற்றவர். கும்பகோணத்தில் 1854ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரி, பின்னாளில் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அழைக்கப்பட்டது. ஆங்கிலச் சொல்லாற்றலுக்காக உலக அளவில் அறியப்பட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரி (1869–1946) வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் பயின்றவர்.

தமிழ், ஆங்கிலம் - அடிப்படை வேறுபாடு

தமிழ் இலக்கணம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்று காலங்களைக் கூறுகின்றது. நன்னூல் இக்காலங்களைக் காட்டும் இடைநிலைகளைத் தனித்தனியே வகுத்துள்ளது. ஆங்கிலப் பள்ளி இலக்கணமோ மூன்று காலங்களையும் சாதாரணம், தொடர், நிறைவு, நிறைவுத் தொடர் என நான்காகப் பிரித்துப் பன்னிரண்டு வடிவங்களைக் கற்பிக்கின்றது.

எனினும் தமிழில் இந்நுட்பங்கள் இல்லை என்று கருதுவது தவறாகும். தமிழ் அவற்றைத் துணைவினைகளால் உணர்த்துகின்றது. "வந்திருக்கிறது", "வந்துகொண்டிருக்கிறது", "இயங்கி வருகிறது" ஆகியன முறையே நிறைவு, தொடர், நிறைவுத் தொடர் ஆகியவற்றுக்கு அண்மையானவை. ஆனால் தமிழில் துணைவினை பல இடங்களில் விருப்பத்திற்கு உரியது. "ஐந்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்" என்பது குறையற்ற தமிழ் வாக்கியம். இதே கருத்தைச் சாதாரண நிகழ்காலத்தில் ஆங்கிலத்தில் கூறினால் பிழையாகும். பெரும்பாலான பிழைகளுக்கு மூலம் இதுவே.

தமிழ் இலக்கணமும் ஒரு காலத்தை மற்றொரு காலமாகக் கூறுவதை அறிந்துள்ளது. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் இது நிகழும்போது கால வழுவமைதி எனப்படுகின்றது. உண்டுகொண்டிருப்பவர் தம்மை அழைப்பவரிடம் "இதோ வந்துவிட்டேன்" என்பது விரைவு பற்றிய வழுவமைதி. இதை அப்படியே ஆங்கிலத்தில் இறந்தகாலத்தில் கூறினால், அவர் ஏற்கனவே வந்துவிட்டார் என்றே கேட்பவர் பொருள் கொள்வார். "ஐ'ம் கமிங்" என்பதே அங்குப் பொருந்தும்.

எடுத்துக்காட்டுகளுக்கான வேளாண் நாட்காட்டி

* மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. பாசனத்திற்காக ஜூன் 12 அன்று அணையைத் திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது மரபு.
* குறுவை: ஜூன், ஜூலை மாதங்களில் தொடங்கும் குறுகிய காலப் பயிர்.
* சம்பா: ஆகஸ்ட் முதல் ஜனவரி வரையிலான நீண்ட காலப் பயிர்.
* தாளடி: குறுவை அறுவடைக்குப் பின் அதே வயலில் நடப்படும் இரண்டாம் பயிர்.

அணை திறக்கும் நாள் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருப்பதில்லை. 2022இல் மே 24 அன்றும், 2024இல் ஜூலை 28 அன்றும் திறக்கப்பட்டது.

வழக்கச் செயல்கள்

"குறுவை அறுத்தபின் தாளடி நடுவார்கள்" என்று தமிழில் வழக்கச் செயலை எதிர்கால வினையால் கூறலாம். ஆங்கிலத்தில் இன்றும் தொடரும் வழக்கத்தைக் கூறச் சாதாரண நிகழ்காலமே இயல்பானது. எவ்ரி இயர், யூஷுவலி, ஆல்வேஸ் ஆகிய சொற்கள் இதனுடன் வரும்.

* "ஃபார்மர்ஸ் பிளான்ட் தாளடி ஆஃப்டர் குறுவை எவ்ரி இயர்."

இவ்விடத்தில் "வில் பிளான்ட்" என்று எழுதினால், படிப்பவர் அதை இனி நடக்கப்போகும் ஒரு திட்டமாகக் கருத இடமுண்டு.

இறந்தகாலமும் நிறைவுற்ற நிகழ்காலமும்

முடிந்துபோன ஒரு காலப் புள்ளியைக் குறிப்பிட்டால் சாதாரண இறந்தகாலம் வர வேண்டும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2022 முதலியன இவ்வகையின.

* சரி: "தே ஓப்பன்ட் தி டாம் ஆன் 24 மே 2022."
* பிழை: "தே ஹேவ் ஓப்பன்ட் தி டாம் ஆன் 24 மே 2022."

நிறைவுற்ற நிகழ்காலம், செயல் முடிந்த நாளைக் கூறாமல் அதன் விளைவு இப்போது இருப்பதைக் கூறுகின்றது. "தே ஹேவ் ஓப்பன்ட் தி டாம்" என்றால் அணை இப்போது திறந்திருக்கின்றது என்பது கருத்து.

தமிழர் "ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே" என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் "நேற்று வந்திருக்கிறார்" என்பது சரியான வாக்கியம். இங்கு "இரு" என்னும் துணைவினை, பேசுபவர் நேரில் காணாமல் தடயத்தைக் கொண்டு ஊகித்தறிந்ததை உணர்த்தக்கூடும். காலையில் வயல் ஈரமாக இருப்பதைக் கண்டு "நேற்று இரவு மழை பெய்திருக்கிறது" என்கிறோம். ஆங்கிலத்தின் நிறைவுற்ற நிகழ்காலத்திற்கு இந்த ஊகப்பொருள் இல்லை. ஆகவே "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்" என்று வேறு அமைப்பால் கூற வேண்டும். "நேற்று இரவு" என்பதற்கு "யெஸ்டர்டே நைட்" என்பதைவிட "லாஸ்ட் நைட்" என்பதும், "இன்று மாலை" என்பதற்கு "டுடே ஈவினிங்" என்பதற்கு மாறாக "திஸ் ஈவினிங்" என்பதும் பொது வழக்காகும்.

சின்ஸ், ஃபார், ஃப்ரம்

சின்ஸ் தொடங்கிய புள்ளியையும், ஃபார் கால அளவையும் குறிக்கும். தொடங்கிய செயல் இன்றும் தொடர்ந்தால் வினை நிறைவு அல்லது நிறைவுத் தொடர் வடிவில் இருத்தல் வேண்டும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இல் தொடங்கப்பட்டு இன்றும் செயல்படுவதால், அதைப் பற்றி இரு வகையிலும் எழுதலாம்.

* "இட் வாஸ் ஃபவுண்டட் இன் 1922." தொடக்க நிகழ்வு மட்டும் கூறப்படுகின்றது.
* "இட் ஹேஸ் பீன் வொர்க்கிங் சின்ஸ் 1922." இன்றுவரை தொடர்வது கூறப்படுகின்றது.

"சின்ஸ் டென் டேஸ்", "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2001" ஆகியவை பொதுவான பிழைகள். "ஃபார் டென் டேஸ்", "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2001" என்பன சரியானவை. தமிழின் "முதல்" என்னும் சொல் சின்ஸ், ஃப்ரம் ஆகிய இரண்டிற்கும் பொதுவாக இருப்பது மற்றொரு குழப்பம். தொடக்கமும் முடிவும் சேர்ந்து வந்தால் ஃப்ரம் பயன்படும்: "ஃப்ரம் 12 ஜூன் டு 28 ஜனவரி".

ஃபார் என்னும் சொல்லை இறந்தகாலத்துடனும் பயன்படுத்தலாம். ஆனால் பொருள் மாறிவிடும். வடகிழக்குப் பருவமழையில் சம்பாப் பயிர் நீரில் மூழ்குவது படுகையில் அடிக்கடி நேர்வது. அது பற்றி ஆங்கிலத்தில் எழுதப்படும் விண்ணப்பத்தில் பின்வரும் இரு வாக்கியங்களும் இலக்கணப்படி சரியானவையே.

* "தி கிராப் வாஸ் அண்டர் வாட்டர் ஃபார் டென் டேஸ்."
* "தி கிராப் ஹேஸ் பீன் அண்டர் வாட்டர் ஃபார் டென் டேஸ்."

முதல் வாக்கியத்தின்படி வெள்ளம் வடிந்துவிட்டது; இனிச் சேதத்தைக் கணக்கிடுவதே வேலை. இரண்டாவதன்படி பயிர் இன்னும் நீரில் நிற்கின்றது. உடனடியாக வடிகால் வெட்டி நீரை வெளியேற்ற வேண்டும். நாள் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றே. பயிர் பிழைக்க வழியுண்டா என்னும் செய்தி வினைச்சொல்லில் மட்டுமே உள்ளது.

அகோ, பிஃபோர்

"முன்" என்னும் தமிழ்ச் சொல் இவ்விரண்டிற்கும் பொது. அகோ பேசும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணும். அதனுடன் சாதாரண இறந்தகாலம் வரும். பிஃபோர் வேறொரு நிகழ்விலிருந்து பின்னோக்கி எண்ணும்.

* "வீ சோட் தி நர்சரி 25 டேஸ் அகோ." நாற்று விட்டு இன்றோடு 25 நாட்கள் ஆகின்றன.
* "தி டாம் வாஸ் ஓப்பன்ட் 19 டேஸ் பிஃபோர் தி யூஷுவல் டேட்." 2022இல் மே 24 அன்று திறந்தது பற்றியது.

இரண்டு கடந்தகால நிகழ்வுகளுள் முந்தியதைக் காட்ட நிறைவுற்ற இறந்தகாலம் உதவுகின்றது. கும்பகோணம் கல்லூரி 1854இலும் மேட்டூர் அணை 1934இலும் வந்தன. "வென் தி டாம் வாஸ் கம்ப்ளீட்டட், தி காலேஜ் ஹேட் பீன் ரன்னிங் ஃபார் எய்ட்டி இயர்ஸ்" என்று எழுதினால் இரண்டின் வரிசையும் தெளிவாகும்.

பை, அன்டில், வித்தின்

பை என்பது ஒரு செயல் நடந்து முடிய வேண்டிய கடைசி நேரத்தைக் குறிக்கும். அன்டில் என்பது ஒரு நிலை தொடரும் எல்லையைக் குறிக்கும். தமிழில் முறையே "குள்", "வரை" என இவ்வேறுபாடு உள்ளது.

* "வாட்டர் வில் பி ரிலீஸ்ட் பை 12 ஜூன்." ஜூன் 12க்குள் திறக்கப்படும்.
* "வாட்டர் வில் பி ரிலீஸ்ட் அன்டில் 28 ஜனவரி." ஜனவரி 28 வரை நீர் விடப்படும்.

முதலாவதில் பை என்பதற்குப் பதில் அன்டில் எழுதினால், ஜூன் 12உடன் நீர் நின்றுவிடும் என்று பொருள்படும். நாற்றங்கால் தயாரிக்கும் உழவருக்கு இது நேர்மாறான செய்தியாகும்.

"குள்" என்பதை வித்தின் என மொழிபெயர்த்து "வித்தின் 30 ஜூன்" என எழுதுவதும் பிழை. வித்தின் கால அளவை ஏற்கும்: "வித்தின் டென் டேஸ்". தேதி வந்தால் பை என்பதே பொருந்தும்.

எதிர்காலமும் துணை வாக்கியங்களும்

வென், ஆஃப்டர், அன்டில், அஸ் சூன் அஸ் ஆகியவற்றால் தொடங்கும் துணை வாக்கியம் எதிர்கால நிகழ்வைக் கூறினாலும், அதன் வினை பொதுவாக நிகழ்காலத்தில் அமையும். முதன்மை வாக்கியத்தில் மட்டும் வில் வரும்.

* தண்ணீர் வந்ததும் நடுவோம்: "வீ வில் டிரான்ஸ்பிளான்ட் அஸ் சூன் அஸ் தி வாட்டர் கம்ஸ்."
* தண்ணீர் வரும் வரை காத்திருப்போம்: "வீ வில் வெயிட் அன்டில் தி வாட்டர் கம்ஸ்."

தமிழ், முதல் வாக்கியத்தில் "வந்ததும்" என்னும் இறந்தகால வடிவையும், இரண்டாவதில் "வரும்" என்னும் எதிர்கால வடிவையும் கொள்கின்றது. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே வடிவம். "வென் தி வாட்டர் வில் கம்" என்பது தவிர்க்கப்பட வேண்டியது.

எதிர்காலத்தில் ஒரு நாளுக்குள் முடிந்திருக்கும் செயலை நிறைவுற்ற எதிர்காலம் காட்டும்: "பை தி எண்ட் ஆஃப் பிப்ரவரி, வீ வில் ஹேவ் ஹார்வெஸ்டட் தி சம்பா."

ஆல்ரெடி, ஸ்டில், யெட்

"இன்னும்" என்னும் தமிழ்ச் சொல், உடன்பாட்டு வாக்கியத்தில் பெரும்பாலும் ஸ்டில் ஆகவும், எதிர்மறையில் பெரும்பாலும் யெட் ஆகவும் மாறுகின்றது.

* "தி ஃபீல்ட் இஸ் ஸ்டில் டிரை." வயல் இன்னும் காய்ந்திருக்கிறது.
* "தி வாட்டர் ஹேஸ் நாட் ரீச்ட் தி டெயில் எண்ட் யெட்." கடைமடைக்குத் தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை.

"வரவில்லை" என்னும் எதிர்மறை வடிவம் தமிழில் காலம் காட்டுவதில்லை. நேற்று வரவில்லை, இன்னும் வரவில்லை ஆகிய இரண்டிற்கும் அதுவே பயன்படும். ஆங்கிலத்தில் முதலாவது "டிட் நாட் கம்", இரண்டாவது "ஹேஸ் நாட் கம்". எனவே தமிழ் எதிர்மறையை மொழிபெயர்க்கும்போது உடன்வரும் காலச்சொல்லைப் பார்த்தே வினையைத் தீர்மானிக்க வேண்டும்.

ஆவணங்களில் முக்கியத்துவம்

காவிரி நீர்ப் பங்கீடு தொடர்பான ஆணைகள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5 அன்று அளித்த இறுதித் தீர்ப்பில், பிலிகுண்டுலுவில் தமிழகத்திற்கு ஆண்டுதோறும் 192 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும் எனக் கூறப்பட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் இதனை 177.25 டி.எம்.சி. எனக் குறைத்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நாள் உண்டு. ஆகவே சாதாரண இறந்தகாலம். குறைக்கப்பட்ட அளவு அந்நாளிலிருந்து நடைமுறையில் இருப்பதைக் கூற "தி ஷேர் ஹேஸ் பீன் 177.25 டி.எம்.சி. சின்ஸ் 2018" என எழுத வேண்டும். "வாஸ்" என்று மட்டும் எழுதினால், அவ்வளவு இன்று நடைமுறையில் இல்லை என்னும் கருத்துத் தோன்றலாம்.

வேலைவாய்ப்பு விண்ணப்பங்களிலும் இதுவே நிலை. "ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால் பணியிலிருந்து விலகிவிட்டார். "ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றால் இன்றும் பணியில் உள்ளார்.

வழக்கு வேறுபாடுகள்

ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகியவற்றுடன் பிரித்தானிய ஆங்கிலம் நிறைவுற்ற நிகழ்காலத்தை விரும்புகின்றது. அமெரிக்க ஆங்கிலத்தில் "ஐ ஜஸ்ட் ஏட்" எனச் சாதாரண இறந்தகாலமும் இயல்பாக வழங்கும். எனவே இவ்விடத்தில் இரண்டும் ஏற்கத்தக்கவை.

தேர்ந்தெடுக்கும் முறை

வாக்கியம் அமைக்கும் முன் கீழ்க்காணும் வினாக்களை வரிசையாக எழுப்பிக்கொள்வது பயன் தரும்.

1. முடிந்துபோன நாளோ ஆண்டோ குறிப்பிடப்படுகின்றதா? ஆம் எனில் சாதாரண இறந்தகாலம்.
2. முன்பு தொடங்கியது இன்றும் தொடர்கின்றதா? ஆம் எனில் நிறைவு அல்லது நிறைவுத் தொடர் நிகழ்காலம். தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், அளவுக்கு ஃபார்.
3. வழக்கமாக நடப்பதா? ஆம் எனில் சாதாரண நிகழ்காலம்.
4. எண்ணிக்கை இப்போதிலிருந்தா, வேறொரு நிகழ்விலிருந்தா? முன்னதற்கு அகோ, பின்னதற்கு பிஃபோர்.
5. கடைசி நாளா, தொடரும் எல்லையா? முன்னதற்கு பை, பின்னதற்கு அன்டில்.

இவற்றையும் பார்க்கவும்

* ஆங்கில இலக்கணம்
* கால வழுவமைதி
* நன்னூல்
* துணைவினை
* மேட்டூர் அணை
* காவிரி ஆறு