சண்டையில் ஜெயித்த தகரக் கேன்!

ஊறுகாய் ஜாடி தெரியும். மண்ணெண்ணெய் டின் தெரியும். "ஜெர்ரி கேன்" தெரியுமா?

ராணுவ ஜீப்பின் பின்புறம் ஒரு தகரப் பெட்டி மாட்டி இருக்குமே, பார்த்து இருக்கிறீர்களா? பட்டாளத்தைக் காட்டும் சினிமாப் படங்களில் அது அடிக்கடி தலை காட்டும். தட்டையாக இருக்கும். மேலே 3 கைப்பிடிகள். இரண்டு பக்கமும் பெருக்கல் குறி போல ஒரு பள்ளம். அதுதான் ஜெர்ரி கேன்.

பார்த்தால் சாதாரணப் பெட்டி. ஆனால் அது ஒரு காலத்தில் ராணுவ ரகசியம்! இன்று அதைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். தபால் தலை சேர்ப்பது போல, பழைய காசு சேர்ப்பது போல, இதுவும் ஒரு பொழுதுபோக்கு.

"எடைக்குப் போடுகிற தகரத்தில் அப்படி என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்களா? அது ஒரு சுவையான கதை.

ஜாடியும் போனது யுத்தத்துக்கு

விருத்தாசலம், நல்லூர் வட்டாரத்து மக்களுக்கு ஜாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியது இல்லை. களிமண்ணைப் பீங்கான் ஆக்கும் தொழில் விருத்தாசலத்தில் உண்டு. அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் கல்விக்கூடமும் உண்டு.

ஜாடியும் ஒரு முறை யுத்தத்துக்குப் போய் இருக்கிறது. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு "ரம்" சாராயம் ஜாடியில்தான் போயிற்று. ஒரு ஜாடி 1 காலன். அதாவது சுமார் 4½ லிட்டர். அதன் மேல் "எஸ்.ஆர்.டி." என்ற 3 எழுத்துகள் இருக்கும். ராணுவப் பண்டகசாலையின் முத்திரை அது. அந்த ஜாடியையும் இன்று ஆசையோடு சேர்க்கிறார்கள்.

சாராயத்துக்கு ஜாடி. தண்ணீருக்கு? காலி பெட்ரோல் டின்! பதுங்கு குழியில் இருந்த சிப்பாய்களுக்குப் பெட்ரோல் டின்களில்தான் குடிநீர் போயிற்று. எத்தனை முறை கழுவினாலும் வாடை போகவில்லை. டீயிலும் பெட்ரோல் வாசனை அடித்தது.

ஒழுகிய டின்

அடுத்து 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படை ஜெர்மானியரை எதிர்த்துப் போராடியது. அந்தப் படையில் நம் நாட்டின் 4-வது இந்திய டிவிஷனும் இருந்தது. அந்த டிவிஷனோடு "மெட்ராஸ் சாப்பர்ஸ்" படையின் 12-வது கம்பெனியும் போயிற்று. பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணி வெடிகளை எடுப்பது அவர்கள் வேலை.

பாலைவனத்தில் இரண்டு பொருள்கள் உயிர் மாதிரி. ஒன்று தண்ணீர். மற்றது பெட்ரோல். தண்ணீர் இல்லாவிட்டால் சிப்பாய் சாவான். பெட்ரோல் இல்லாவிட்டால் டாங்கி நின்று போகும்.

பெட்ரோலை எதில் கொண்டு போனார்கள்? 4 காலன் பிடிக்கும் தகர டின்னில்! நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த மாதிரி டின் நன்றாகத் தெரியும். மண்ணெண்ணெய் வந்த டின்னின் மேல் தகட்டை வெட்டி எடுப்பார்கள். குறுக்கே ஒரு கட்டையை வைத்து அடிப்பார்கள். கிணற்றடியில் இருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பார்கள்.

வீட்டுக்கு உதவிய டின் யுத்தத்துக்கு உதவவில்லை. தகரம் மெல்லியது. லாரி குலுங்கினால் ஓரம் பிளந்து விடும். சிப்பாய்கள் அதற்கு "பிளிம்சி" என்று பெயர் வைத்தார்கள். "நோஞ்சான்" என்று அர்த்தம்!

அந்த நோஞ்சான் டின்னால் எவ்வளவு பெட்ரோல் வீணாயிற்று? 1941, 1942-ம் ஆண்டுகளில் அங்கே தலைமைத் தளபதியாக இருந்தவர் ஆச்சின்லெக். கிடங்கில் இருந்து புறப்பட்ட பெட்ரோலில் 100-க்கு 30 பங்கு வழியிலேயே போய்விட்டது என்பது அவர் போட்ட கணக்கு.

சற்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெட்ரோல் கப்பலில் வந்தது. எதிரியின் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. மாலுமிகள் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த எண்ணெய் மணலில் ஒழுகிப் போயிற்று!

சிப்பாய்கள் அந்த டின்னுக்கும் ஒரு பயன் கண்டுபிடித்தார்கள். அதைப் பாதியாக வெட்டி, மணலைப் போட்டு, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி டீ போட்டார்கள். அதற்கு "பெங்காசி அடுப்பு" என்று பெயர்.

ஜெர்மனியின் கெட்டிக்காரத்தனம்

ஜெர்மன் படையிடம் ஒழுகாத கேன் இருந்தது. 1937-ல் அதை உருவாக்கியவர் வின்சென்ஸ் குரூன்போகல் என்ற என்ஜினீயர். 20 லிட்டர் பிடிக்கும்.

அதன் சிறப்பு என்ன?

இரண்டு பாதித் தகடுகளை அச்சில் அழுத்தி, ஒன்றோடு ஒன்று பற்றவைத்து விடுவார்கள். ஆகவே ஒழுகாது.

பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறிப் பள்ளம் அழகுக்கு அல்ல. தகட்டுக்கு அது பலம். வெயிலில் பெட்ரோல் விரிந்தால், கேன் வெடிக்காமல் கொஞ்சம் உப்பி இடம் கொடுக்கும்.

கைப்பிடி ஏன் 3? அதில்தான் மூளை இருக்கிறது! நிறைந்த கேனை நடுப்பிடியைப் பிடித்து ஒருவர் தூக்கலாம். ஓரப்பிடிகளைப் பிடித்து இருவரும் தூக்கலாம். காலி கேன் என்றால், இரண்டு கேன்களின் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் பிடிக்கலாம். ஆக, ஒரு ஆள் 4 காலி கேன்களைக் கொண்டு போய் விடுவான்.

மூடியைத் திறக்கச் சாவி, ஸ்பேனர் எதுவும் வேண்டாம். நெம்பினால் திறக்கும். அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மேலே கொஞ்சம் காற்று நிற்க இடம் விட்டு இருக்கிறார்கள். அதனால் பெட்ரோல் நிறைந்த கேன் தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும்!

கல்கத்தாவுக்கு வந்த 3 கேன்கள்

இந்த ரகசியம் வெளியே வந்த கதையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. அமெரிக்கக் கடற்படையில் பணி செய்த ரிச்சர்டு டேனியல் என்பவர் இதைப் பின்னாளில் எழுதி வைத்து இருக்கிறார்.

பால் பிளைஸ் என்ற அமெரிக்க என்ஜினீயர் பெர்லின் நகரில் தொழில் செய்து வந்தார். 1939-ல் காரிலேயே இந்தியாவுக்குப் போக ஆசைப்பட்டார். ஜெர்மன் நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்.

வழியில் தண்ணீருக்கு என்ன செய்வது? அந்த நண்பர் டெம்பல்ஹாப் விமான நிலையத்தில் அடுக்கி வைத்து இருந்த ராணுவக் கேன்களில் மூன்றை எடுத்து வந்து காரின் அடியில் மாட்டி விட்டார்! கார் 11 நாட்டு எல்லைகளைக் கடந்தது.

பாதி இந்தியாவைத் தாண்டியபோது, அந்த ஜெர்மானியரை அழைத்துப் போக ஜெர்மன் மந்திரி கோயரிங் விமானம் அனுப்பினார். புறப்படும் முன் அவர் கேனைச் செய்யும் முறையைப் பிளைசிடம் சொல்லிக் கொடுத்து விட்டார். பிளைஸ் தனியாகவே கல்கத்தா போய்ச் சேர்ந்தார். காரை அங்கே விட்டுவிட்டு அமெரிக்கா திரும்பினார்.

ராணுவ அதிகாரிகளிடம் கேனின் பெருமையைச் சொன்னார். "மாதிரி இல்லாமல் பேசாதே" என்ற விதத்தில் பதில் வந்தது. கல்கத்தாவில் இருந்து காரைக் கப்பலில் வரவழைத்தார். 1940-ல் அது நியூயார்க் வந்து சேர்ந்தது. கேன்களும் வந்தன. அப்போதும் அதிகாரிகளுக்கு அக்கறை பிறக்கவில்லை. பழைய மாதிரியே போதும் என்று இருந்தார்கள்.

பாலைவனத்தில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் யாரையும் கேட்கவில்லை. எதிரியிடம் பிடித்த கேன்களையே பயன்படுத்தினார்கள். ஜெர்மானியருக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் "ஜெர்ரி". ஆகவே அது ஜெர்ரி கேன் ஆயிற்று. பிறகு பிரிட்டனும் அமெரிக்காவும் அதைப் பார்த்தே கோடிக்கணக்கில் செய்தன.

பிள்ளைகள் செய்த உதவி

1944-ல் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் இறங்கி வேகமாக முன்னேறின. காலி கேன்களை வழியெல்லாம் வீசிவிட்டுப் போனார்கள். விளைவு? பெட்ரோல் ஊற்றிக் கொண்டுபோகக் கேன் இல்லை!

பிரான்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் உதவி கேட்டார்கள். கேன் கொண்டு வந்தால் பரிசும் சான்றிதழும் தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் வயலிலும் வாய்க்காலிலும் தேடி எடுத்து, லட்சக்கணக்கில் கொண்டுவந்து குவித்தார்கள்.

இந்தக் கேன்கள் இல்லாவிட்டால் பிரான்சை அவ்வளவு வேகமாகக் கடந்து இருக்க முடியாது என்ற கருத்தை அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே வெளியிட்டார்.

எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

கேன் சேர்க்கிறவர்கள் முதலில் தகட்டில் பொறித்த எழுத்தைப் பார்க்கிறார்கள். ஆண்டு, தொழிற்சாலைக் குறி, நாட்டின் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். ஜெர்மன் கேனில் "20 லிட்டர்", "தீப்பற்றும்" என்று அவர்கள் மொழியில் இருக்கும். தண்ணீர் கேன் என்றால் வெள்ளைச் சிலுவைக் குறி போட்டு இருப்பார்கள். பிரிட்டிஷ் கேனில் அம்புக் குறி. அமெரிக்கத் தண்ணீர் கேனில் "டபிள்யூ" என்ற எழுத்து.

பழைய ஜீப் வைத்து இருப்பவர்கள், ஜீப் பிறந்த ஆண்டிலேயே பிறந்த கேன் வேண்டும் என்று அலைகிறார்கள்! கேனுக்குப் புதுப் பெயிண்டு அடித்தால் அவர்களுக்குப் பிடிக்காது. பழைய பெயிண்டும் கீறலும்தான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

தமிழ்நாட்டிலும் யுத்தத்தின் தடயங்கள் உண்டு. விருத்தாசலத்துக்கு அருகே உள்ள உளுந்தூர்ப்பேட்டையிலும், சோழவரம், கயத்தாறு, செட்டிநாடு ஆகிய ஊர்களிலும் இரண்டாம் உலகப் போர் நாளில் விமானத் தளங்கள் இருந்தன. யுத்தம் முடிந்ததும் ராணுவச் சாமான்கள் "டிஸ்போசல்" என்று விற்பனைக்கு வந்தன. சென்னையில் பழம்பொருள் தேடியவர்கள் மூர் மார்க்கெட்டுக்குப் போவார்கள். 1985-ல் அது தீயில் அழிந்தது. இனி பழைய இரும்புக் கடைகளில்தான் கண் வைக்க வேண்டும்.

உயிர் விலை மதிப்பு அற்றது

பழைய கேன் கிடைத்தால் சில விஷயங்களை மறக்கக் கூடாது.

பெட்ரோல், மண்ணெண்ணெய், பூச்சி மருந்து இருந்த கேனில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். வாடை போனாலும் விஷம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. பிளாஸ்டிக் கேனுக்கும் இது பொருந்தும்.

காலி கேன்தானே என்று அதை வெட்டவோ, பற்றவைக்கவோ கூடாது. நிறைந்த கேனைவிடக் காலி கேன் ஆபத்து! உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து இருக்கும். ஒரு பொறி பட்டால் வெடிகுண்டு போல வெடிக்கும்.

வீட்டில் பெட்ரோல் வைக்கவும் சட்டம் இருக்கிறது. 1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் வைக்கலாம். அதையும் இறுக மூடிய பாத்திரத்தில் வைக்க வேண்டும். உலோகப் பாத்திரம் என்றால் ஒன்று 25 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டர்தான். சட்டம் அனுமதித்தாலும் அடுப்பும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

காலியாக, சுத்தமாக, மூடியைத் திறந்து ஒரு மூலையில் வையுங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்த 3 கைப்பிடிகளைக் காட்டுங்கள். "மூன்று எதற்கு?" என்று கேளுங்கள். பதிலை அவர்களே கண்டுபிடிக்கட்டும்!