கேமிரா பரிசு வாங்குகிறீர்களா? உஷார்!

"64 மெகா பிக்சல்" என்றதும் மயங்காதீர்கள். பிடிக்கப்போகும் கையைப் பாருங்கள்

சென்னை,

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும். "ரிட்டயர் ஆகிற அப்பாவுக்கு ஒரு டிஜிட்டல் கேமிரா வாங்கிக் கொடுத்தால் என்ன?" "பத்தாவது பாஸ் பண்ணின பொண்ணு ரொம்ப நாளா கேட்குதே!"

நல்ல யோசனைதான். ஆனால், பரிசாகக் கொடுத்த கேமிரா பல வீடுகளில் ஒரே மாதத்தில் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. காசும் போச்சு, படமும் இல்லை.

காரணம் என்ன? வாங்குகிறவர் தன் கண்ணுக்குப் பிடித்ததை வாங்குகிறார். பயன்படுத்தப்போகிறவரின் கையை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை!

அன்று 12 படம்

அந்தக் காலத்தில் கேமிரா வாங்குவதில் குழப்பமே இல்லை. நடுத்தர வீட்டில் கேமிரா இருந்தால் அது பெரும்பாலும் "அக்பா கிளிக் 3" ஆக இருக்கும். ஒரு சுருளுக்கு 12 படம். வெயிலா, மேகமா என்று பார்த்துத் தட்ட வேண்டும். அவ்வளவுதான்.

டிஜிட்டல் கேமிரா பிறந்தது 1975-ம் ஆண்டு. அமெரிக்காவில் கொடாக் கம்பெனி என்ஜினீயர் ஸ்டீவன் சாசன் அதைச் செய்தார். எடை ஏறக்குறைய 3.6 கிலோ! ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி ஆனது. அந்தப் படத்தில் இருந்தவை வெறும் 10 ஆயிரம் புள்ளிகள்.

2010-ம் ஆண்டில் உலகம் முழுவதும் 12 கோடிக்கும் அதிகமான டிஜிட்டல் கேமிராக்கள் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. பிறகு செல்போன் வந்து அடித்த அடியில், 2023-ம் ஆண்டில் அது சுமார் 77 லட்சமாகச் சுருங்கிவிட்டது. இது ஜப்பான் கேமிரா தயாரிப்பாளர் சங்கம் கொடுத்த கணக்கு.

இதனால் பெயர் பெற்ற கம்பெனிகள் பலவும் சட்டைப்பையில் போடும் சின்னக் கேமிராக்களைக் குறைத்துவிட்டன. அந்தக் காலி இடத்தில்தான் ஊர் பேர் தெரியாத கேமிராக்கள் புகுந்துவிட்டன. ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பம்!

பால்... தண்ணீர்!

"சார், 64 மெகா பிக்சல் சார்! 16 மடங்கு ஜூம்! விலை நாலாயிரம்தான்!" ஆன்-லைன் விளம்பரத்தில் இப்படித்தான் கூவுவார்கள்.

மெகா பிக்சல் என்பது படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. ஒரு மெகா பிக்சல் என்றால் 10 லட்சம் புள்ளி.

மலிவான கேமிராக்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சில்லு எடுப்பது சில மெகா பிக்சல்தான். கேமிராவே இடையிடையே புள்ளிகளைக் கற்பனையாக நிரப்பி 64 என்று காட்டிவிடும். ஒரு லிட்டர் பாலில் தண்ணீர் ஊற்றி நாலு லிட்டர் ஆக்குகிற வித்தைதான் இது. அளவு கூடும், ருசி கூடுமா?

சரி, உண்மையில் எவ்வளவு தேவை? ஸ்டூடியோவில் போடும் மேக்ஸி சைஸ் படம் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம். அதைத் தெளிவாகப் பிரிண்ட் போட இரண்டேகால் மெகா பிக்சல் போதும்! சுவரில் மாட்டும் 12-க்கு 8 அங்குலப் படத்துக்கு 9 போதும்.

ஆகவே 12, 16, 20 என்று எது இருந்தாலும் வீட்டுக்குத் தாராளம். புள்ளிகளை எண்ணி விலை கொடுக்காதீர்கள்.

எண்ணைவிட முக்கியம், ஒளியை வாங்கும் சில்லின் அளவு. நல்ல சின்னக் கேமிராக்களில் பெரும்பாலும் அது சுமார் 6 மில்லி மீட்டர் அகலம் இருக்கும். ஏறக்குறைய துவரம்பருப்பு அளவு! மலிவு சரக்கில் இதைவிடவும் சின்னதாகப் போட்டுவிடுவார்கள். விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் முகமெல்லாம் பொரிபொரியாகத் தெரிவது அதனால்தான்.

ஜூம் ரகசியம்

ஜூமில் இரண்டு ரகம். ஒன்று, லென்ஸ் நிஜமாகவே முன்னே பின்னே நகர்ந்து தூரத்தைக் கிட்டே இழுப்பது. இதற்கு "ஆப்டிகல் ஜூம்" என்று பெயர்.

மற்றொன்று "டிஜிட்டல் ஜூம்". எடுத்த படத்தில் நடுப்பகுதியை வெட்டி இழுத்துப் பெரிதாக்குவது. பார்த்தால் மங்கும்.

கடையில் கேமிராவை ஆன் செய்து ஜூம் பட்டனைத் தட்டுங்கள். லென்ஸ் நகர்கிற சத்தம் லேசாகக் கேட்டால் சரி. லென்ஸ் அசையவே இல்லை, திரையில் மட்டும் படம் பெரிதாகிறது என்றால் அது பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம்தான்!

ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நல்ல செல்போன் இருந்தால், இருட்டில் மலிவு கேமிராவைவிட அதுவே நன்றாக எடுக்கும். ஆனால் மேடையில் ஆடுகிற மகளைப் பத்தாவது வரிசையில் இருந்து எடுக்கவோ, மாடவீதியில் தேரை எடுக்கவோ நிஜ ஜூம் உள்ள கேமிராதான் கைகொடுக்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் காசு. அது தேவையில்லை என்றால் கேமிராவே வேண்டாம். அந்தப் பணத்தில் பழைய படங்களைப் பிரிண்ட் போட்டு ஆல்பமாகக் கொடுத்துவிடலாம்.

யார் கைக்கு?

வயதானவருக்கு என்றால் கனம் குறைவாக, ஆனால் பிடிமானம் உள்ளதாகப் பாருங்கள். ரொம்ப மெல்லியது விரலுக்குள் நிற்காது. பட்டன் பெரியதாக இருக்கட்டும். தொடுதிரை மட்டுமே உள்ளதைத் தவிர்ப்பது நல்லது. விரல் வறண்டிருந்தால் திரை சில சமயம் கேட்காது. தாத்தாவுக்குக் கோபம்தான் வரும்.

கை நடுங்குகிறவர் எடுத்தாலும் படம் ஆடாமல் இருக்க லென்சிலேயே ஒரு வசதி உண்டு. கேனன் கேமிராவில் "ஐ.எஸ்." என்றும், நிக்கான் கேமிராவில் "வி.ஆர்." என்றும் எழுதி இருக்கும். பெரியவர்களுக்கு இது கண்டிப்பாக வேண்டும்.

பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளைக்கு என்றால் விலையைவிட உறுதி முக்கியம். கீழே போடத்தான் போகிறது! மணிக்கட்டில் மாட்டும் கயிறு இல்லாமல் கையில் கொடுக்கவே கூடாது.

கல்லூரி மாணவிக்கு "எடுத்த உடனே படம் வருமே, அந்தக் கேமிரா" மேல் ஆசை இருக்கலாம். புஜி கம்பெனியின் "இன்ஸ்டாக்ஸ்" 1998-ம் ஆண்டு முதல் வருகிறது. அதன் சாதாரண ரகங்கள் டிஜிட்டல் அல்ல, பிலிம். ஒரு பாக்கெட்டில் 10 படம். பட்டனைத் தட்டினால் ஒன்று காலி! கேமிரா மலிவாகத் தெரியும்; பிலிம் செலவு மாதாமாதம் வரும். யார் கொடுப்பார் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெயர் மட்டும் போதுமா?

"கொடாக் என்று போட்டிருக்கே, நல்ல கம்பெனிதானே?" என்று கேட்பார்கள். கொடாக் கம்பெனி 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது. அதன் பிறகு வந்த "பிக்ஸ்புரோ" கேமிராக்கள், கொடாக் பெயரை உரிமம் பெற்று ஜே.கே. இமேஜிங் என்ற வேறு கம்பெனி விற்பவை.

அதனால் அவை மோசம் என்று அர்த்தம் இல்லை. தாத்தா காலத்துப் பெயரைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள் என்பதுதான் சேதி. எந்தப் பெயரானாலும், பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர் நம் ஊரில் எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்!

பழசுக்கு மவுசு

2000 முதல் 2010 வரை வந்த பழைய டிஜிட்டல் கேமிராக்களுக்கு இளவட்டங்களிடம் திடீர் மவுசு. அந்தக் கால சில்லில் வரும் வண்ணம் அழகு என்று தேடிப் பிடிக்கிறார்கள். விலையும் குறைவு. பரிசாகக் கொடுக்கலாம். ஆனால் சோதித்து வாங்க வேண்டும்.

லென்ஸ் தடங்கல் இல்லாமல் வெளியே வந்து உள்ளே போகிறதா? மெரினா மணல் ஒரு துகள் புகுந்திருந்தாலும் லென்ஸ் பாதியில் சிக்கிக்கொள்ளும்.

லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கோடு தெரிந்தால் அது பூஞ்சக்காளான். சென்னை ஈரக்காற்றுக்கு அது சகஜம். வாங்காதீர்கள்.

வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் பொட்டு விழுந்தால் உள்ளே தூசு.

முக்கியமாக, கார்டு! பழைய ஒலிம்பஸ், புஜி கேமிராக்கள் பலவற்றுக்கு "எக்ஸ்.டி." கார்டும், பழைய சோனிக்கு "மெமரி ஸ்டிக்" கார்டும் வேண்டும். இவற்றைத் தேடி அலைய வேண்டும். சாதாரண எஸ்.டி. கார்டு போடுவது என்றாலும், 2006-ம் ஆண்டுக்கு முந்தைய கேமிராக்கள் பல 2 ஜி.பி.க்கு மேல் ஏற்காது. 64 ஜி.பி. கார்டை வாங்கிப் போட்டுவிட்டு "கேமிரா ரிப்பேர்" என்று தலையில் கை வைப்பதில் பயன் இல்லை.

பில் இல்லாமல் ரோட்டோரத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதா? ஜாக்கிரதை! திருட்டுச் சரக்கு என்று தெரிந்தோ, அப்படி நம்ப இடமிருந்தும் நேர்மையின்றியோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. பரிசு கொடுக்கப் போய் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டாம்.

எங்கே வாங்குவது?

ஒரு காலத்தில் வெளிநாட்டுக் கேமிரா என்றாலே பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார்தான். பர்மாவில் இருந்து திரும்பிய தமிழர்கள் பிழைக்க 1969-ம் ஆண்டு தொடங்கிய பஜார் அது. இப்போது கேமிராவுக்கு என்று அண்ணா சாலை பக்கம் எல்லீஸ் ரோட்டில் கடைகள் உண்டு. கார்டு, சார்ஜர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு ரிச்சி தெரு.

புதுக் கேமிரா என்றால் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, ஜி.எஸ்.டி. எண் உள்ள பில். இரண்டு, கடை முத்திரையுடன் இந்திய வாரண்டி. மூன்று, பெட்டி மேல் அதிகபட்ச சில்லறை விலையும் இறக்குமதி செய்தவர் முகவரியும்.

ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

பேட்டரியையும் கவனியுங்கள். பென் டார்ச் பேட்டரி போடும் கேமிரா என்றால் எந்தப் பெட்டிக்கடையிலும் பேட்டரி கிடைக்கும். ஆனால் சாதாரண பேட்டரி சீக்கிரம் தீரும், சார்ஜ் ஏற்றும் ரகம் நல்லது. தனி பேட்டரி என்றால் இன்னொன்று கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள்.

கார்டில் போலி அதிகம். மேலே 64 என்று எழுதியிருக்கும். உள்ளே 8 தான் இருக்கும். நிறைந்ததும் சத்தமில்லாமல் படங்கள் கெட்டுப்போகும். அப்பாவின் அறுபதாம் கல்யாணம் இன்னொரு முறை வருமா? பில் போட்டுத் தரும் கடையில் 32 ஜி.பி. கார்டு ஒன்று வாங்கினால் போதும். ஆயிரக்கணக்கில் படம் பிடிக்கும். 12 படம் எடுத்த காலம் எங்கே, இது எங்கே!

பெட்டியை ஒட்டும் முன்

கேமிராவை வாங்கியதும் ஜிகினாத் தாள் சுற்றிவிடாதீர்கள். முந்தின நாள் மாலை ஒரு மணி நேரம் வேலை இருக்கிறது.

பேட்டரியை முழுசாக சார்ஜ் செய்யுங்கள். தேதி, நேரம் சரியாக வையுங்கள். இல்லாவிட்டால் பேத்தி பிறந்தநாள் படம் எந்த வருஷத்தில் எடுத்தது என்று பிற்காலத்தில் சண்டை வரும்.

"ஆட்டோ" என்ற இடத்தில் வையுங்கள். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். கார்டைப் போட்டு கேமிராவிலேயே "பார்மட்" செய்யுங்கள். பத்துப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏறுகிறதா என்று பாருங்கள். கோளாறு இருந்தால் மாற்றிக்கொள்ள அது போதுமான அவகாசம்.

கொடுக்கும்போது ஒரே ஒரு பாடம் சொல்லிக்கொடுங்கள். பட்டனைப் பாதி அழுத்தி நிறுத்த வேண்டும். "பீப்" என்று சத்தம் வந்ததும் முழுசாக அழுத்த வேண்டும். வீட்டுப் படங்கள் மங்கிப்போவதற்கு முக்கியக் காரணமே, ஒரே அமுக்காக அமுக்குவதுதான்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எடுத்ததில் நாலு படத்தை மேக்ஸி சைசில் பிரிண்ட் போட்டு அவர் கையிலேயே கொடுங்கள். மீதியை இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

தான் எடுத்த படத்தைக் காகிதத்தில் பார்த்தவர் கேமிராவை பீரோவில் வைக்க மாட்டார். செலவு சில பத்து ரூபாய்தான்!