போனஸ் காசில் கேமிங் கம்ப்யூட்டர்: எதில் செலவழிக்கலாம், எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் திருப்பூரில் பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். பிள்ளைக்கு கேமிங் கம்ப்யூட்டர் வேணும். "படிப்புக்கும் ஆகும்ல" என்பது பிள்ளையின் வாதம். "எத்தனை வருசம் வருமுங்க?" என்பது கடைக்காரரிடம் அப்பா கேட்கும் கேள்வி.

அப்பாவின் கேள்வியில் அர்த்தம் இருக்கிறது. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பொருத்தும் நடுத்தர பட்ஜெட் கம்ப்யூட்டருக்கோ மானிட்டரோடு சேர்த்து 70 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை வேண்டும். பனியன் கம்பெனித் தொழிலாளி வீட்டுக்கு இது பல மாத உழைப்பு. தப்பாக வாங்கிவிட்டால் இன்னொரு முறை வாங்க வழியில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

மானிட்டரிலிருந்து. 1920x1080 திரைக்கு ஒரு கணக்கு, அதைவிடப் பெரிய 2560x1440 திரைக்கு வேறு கணக்கு. இந்த பட்ஜெட்டில் 1080 திரை, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது.

அடுத்தது பாகங்களுக்குள் பொருத்தம். பனியன் கம்பெனியில் கட்டிங் எவ்வளவு வேகமாக நடந்தாலும் பவர் டேபிளில் ஆள் குறைந்தால் பீஸ் தேங்கிவிடும். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். விலை உயர்ந்த ப்ராசஸர் போட்டு கிராபிக்ஸ் கார்டில் கஞ்சத்தனம் காட்டினால் கேம் திக்கித் திணறும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு?

கேமிங்தான் முக்கியம் என்றால் சிபியு செலவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக இதற்கே ஒதுக்கலாம். 2025 மே மாதம் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060, ஜூனில் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் இந்த வரம்பில் வருபவை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 9060 எக்ஸ்டி என்ற ஒரே பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, 16 ஜிபி கார்டும் இருக்கிறது. புதிய கேம்கள் பலவற்றில் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டக் கூடாது. கார்மென்ட் டிசைனுக்கான 3டி மென்பொருளையும் இதே கம்ப்யூட்டரில் ஓட்டப் போகிறார்கள் என்றால், அது எந்தக் கார்டில் முழு வேகத்தில் ஓடும் என்று முன்பே பார்த்துவிட வேண்டும். சில மென்பொருள்கள் என்விடியா கார்டில்தான் முழுப் பலன் தரும்.

ப்ராசஸரில் என்ன கவனிக்கணும்?

ஆறு கோர் போதும். ரைசன் 5 7600 போன்றவை உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னால் போர்டை மாற்றாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றலாம்.

மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. விலை குறையும். ஆனால் கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால், அது திரும்பி வரும்வரை திரையில் ஒன்றும் தெரியாது. படிப்புக்கும் இதே கம்ப்யூட்டர்தான் என்ற வீட்டில் இது பெரிய தொல்லை.

ரேம் விலை ஏன் ஏறியது?

2025 கடைசியிலிருந்து மெமரி விலை எகிறியது. தயாரிப்பு நிறுவனங்கள் ஏஐ டேட்டா சென்டர்களின் பக்கம் திரும்பியதே முக்கியக் காரணம். மைக்ரான் நிறுவனம் 'க்ரூஷியல்' பெயரில் நடத்திவந்த சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

அதனால் இப்போதைக்கு 16 ஜிபி போதும். ஒன்றாக இல்லாமல் இரண்டு 8 ஜிபி-யாகப் போட்டால் வேகம் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 ரேம் இருந்தால் டிடிஆர்4 போர்டு வாங்கி அதையே பயன்படுத்தலாம். ஏஎம்5 போர்டில் அது பொருந்தாது.

எதில் மிச்சம் பிடிக்கவே கூடாது?

பவர் சப்ளையில். ஆர்ஜிபி லைட், கண்ணாடி கேபினட் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேபினட்டோடு இலவசமாக வரும் பவர் சப்ளை பழுதானால், தன்னோடு போர்டையும் கார்டையும் சேர்த்துக் கெடுக்க வாய்ப்புண்டு. நல்ல நிறுவனத்தின் 550 அல்லது 650 வாட் சப்ளை நல்லது. '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை மின்சாரச் சிக்கனத்தைத்தான் சொல்கிறது, தரத்துக்கு அது மட்டும் உத்தரவாதம் இல்லை.

யுபிஎஸ்-க்கும் கணக்கு இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5060 அதிகபட்சம் 145 வாட், ரைசன் 5 7600 சுமார் 88 வாட் இழுக்கும். மற்ற பாகங்கள், மானிட்டர் சேர்த்தால் 300 வாட்டைத் தாண்டும். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பலவும் தருவது 360 வாட்தான். பேட்டரி கொஞ்சம் பழசானால் கேம் நடுவில் படுத்துவிடும். 1 கேவிஏ வாங்குவது நல்லது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சைன் வேவ் வகைதானா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பஞ்சுத் தூசிக்கு என்ன வழி?

கீழே நிட்டிங் யூனிட், மேலே குடியிருப்பு என்று இருக்கும் தெருக்களில் இதுதான் பெரிய எதிரி. நிட்டிங் மெஷினுக்கு மேலேயே பஞ்சை ஊதித்தள்ள ஃபேன் சுற்றும். அந்தப் பஞ்சு கம்ப்யூட்டரின் ஹீட் சிங்க்கில் அடைத்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் வேகம் தானாகக் குறையும். கழற்றிக் கழுவக்கூடிய வலை ஃபில்டர் உள்ள கேபினட் வாங்கலாம். காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன், வெளியேற்றும் ஃபேனைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் இடுக்கு வழியே தூசி நுழைவது குறையும். தரையில் வைக்காமல் மேஜையில் வைப்பது நல்லது. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கி, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடிக்க வேண்டும்.

பில் அவசியமா?

கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். "பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்" என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்குப் பொதுவாக மூன்று வருட வாரன்டி உண்டு, பில் இல்லையென்றால் அதைக் கேட்க முடியாமல் போகலாம். ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். பெட்டிகளையும் தூக்கிப் போடக் கூடாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மூன்று வேலை. மானிட்டர் கேபிளை போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகணும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60-ல் நிற்கும் ஹெர்ட்ஸை 144-க்கு மாற்றணும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யணும். இவற்றை விட்டுவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வேகம் கைக்கு வராது.