பிற்கால ரொமாண்டிக் சிம்ஃபொனிகள்: எங்கிருந்து தொடங்குவது?

பிற்கால ரொமாண்டிக் சிம்ஃபொனிகளைக் கேட்கத் தொடங்குபவர்கள் பாதி வழியில் சோர்ந்துவிடுவதுண்டு. பல படைப்புகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீள்பவை. ஒவ்வொன்றுக்கும் ஏராளமான ஒலிப்பதிவுகள் வேறு. இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. வியன்னா ஃபில்ஹார்மானிக் என்ற ஒரே இசைக்குழுவின் மூன்று பதிவுகளை வரிசையாகக் கேட்பது. இசையமைத்த மூவருமே வியன்னாவில் வாழ்ந்தவர்கள்.

முதலில் பிராம்ஸின் நான்காவது சிம்ஃபொனி (1885). கார்லோஸ் க்ளைபர் நடத்தி 1980-ல் பதிவானது. சுமார் 40 நிமிடம்தான். கடைசிப் பகுதியை முதலில் கேளுங்கள். எட்டே சுரங்கள் கொண்ட ஒரு சிறு வரி. அதை அடித்தளமாக வைத்து 30 மாறுபாடுகள். அந்த வரியைக் காது பிடித்துக்கொண்டால் முழுப் படைப்பும் வசப்படும்.

அடுத்து புரூக்னரின் ஏழாவது. ஹெர்பர்ட் வான் கராயன், தான் இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1989 ஏப்ரலில் பதிவு செய்தது. புரூக்னர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அவரது இசை மெல்ல வளர்ந்து உச்சம் தொடும், சட்டென நிற்கும், மௌனத்துக்குப் பின் வேறிடத்திலிருந்து எழும். அந்த மௌனங்களுக்குப் பொறுமை காட்ட வேண்டும். இரண்டாம் பகுதியை எழுதிக்கொண்டிருக்கையில்தான் வாக்னர் இறந்தார் (1883). அதன் முடிவு அவருக்கான அஞ்சலி.

மூன்றாவது, மாலரின் ஒன்பதாவது. இதைக் கேட்காமலே மாலர் 1911-ல் இறந்தார். அவரது உதவியாளராக இருந்த புரூனோ வால்ட்டர் 1912-ல் இதே குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். அவரே 1938 ஜனவரி 16 அன்று மீண்டும் நடத்திய கச்சேரியின் பதிவு நமக்குக் கிடைக்கிறது. பழைய பதிவுக்குரிய இரைச்சல் உண்டு, அரங்கில் இருமுவதும் கேட்கும். முதல் வயலின் வரிசையின் தலைமையில் மாலரின் தங்கை கணவர் அர்னால்ட் ரோஸே.

இரண்டே மாதத்தில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதர்களான வால்ட்டரும் ரோஸேயும் நாடிழந்தார்கள். இசைக்குழு தன் யூதக் கலைஞர்களை வெளியேற்றியது. கராயனோ நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர். ஒரே குழுவின் இசையைக் கேட்கும்போது இந்த வரலாறும் கூடவே வருகிறது.

வால்ட்டர் 1961-ல், தன் 84-ஆம் வயதில், அமெரிக்காவில் இதே சிம்ஃபொனியை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். கடைசிப் பகுதி 1938-ல் சுமார் 18 நிமிடம். 1961-ல் சுமார் 21. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஒரே படைப்புக்கு ஏன் இத்தனை பதிவுகள் என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது.