35 என்றால் 35 இல்லை: பழைய ஃப்யூஸ் ஹோல்டரை மாற்றுவது பற்றி

ஃப்யூஸ் எதைக் காப்பாற்றுகிறது? ரேடியோவை, விளக்கை என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது காப்பாற்றுவது வயரை. ஷார்ட் ஆனால் இன்சுலேஷன் உருகி வண்டி தீப்பிடிப்பதற்குள் தான் எரிந்துபோக வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் காரை எடுத்துக்கொள்வோம். இது மாதிரி வண்டிகளில் வயரின் நடுவே தொங்கும் இன்லைன் ஹோல்டர்கள் உண்டு. ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே கண்ணாடி ஃப்யூஸ், அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். வருஷம் ஆக ஆக ஸ்பிரிங் தளரும், முனைகளில் களிம்பு ஏறும். ஃப்யூஸ் நன்றாகத்தான் இருக்கும். தொடும் இடத்தில் மின்தடை கூடிவிடும்.

கணக்கு சின்னதுதான். தடை 0.1 ஓம், ஓடுவது 10 ஆம்பியர் என்றால் 1 வோல்ட் அங்கேயே காலி. வெப்பம் 10 வாட். விரல் அளவு பிளாஸ்டிக்குக்கு இது ரொம்ப அதிகம். ஃப்யூஸ் போகாமலே ஹோல்டர் உருகுவது இப்படித்தான்.

மாற்றாக பிளேடு ஃப்யூஸ் ஹோல்டர் போடலாம். ஆனால் ஒரு சிக்கல். பழைய லூகாஸ் ஃப்யூஸில் 35 என்று இருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். பிளேடு ஃப்யூஸில் இருக்கும் எண்ணோ, எரியாமல் தாங்கும் அளவைச் சொல்வது. நம்ம ப்ரோக்ராமிங் பாஷையில், வேரியபிள் பெயர் ஒன்று, அர்த்தம் வேறு. 35 இருந்த இடத்தில் 30 பிளேடு போட்டால்கூட, வயர் சூடாகிக்கொண்டிருக்கும், ஃப்யூஸ் அசையாது. நீல நிற 15, மிஞ்சிப்போனால் மஞ்சள் நிற 20. லோடு சின்னது என்றால் இன்னும் குறைவாக.

முதலில் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். 1967 வரையான எம்ஜிபிகளில் எர்த் என்பது பாசிடிவ். அதனால் நிறத்தை நம்பாமல், பாடிக்குப் போகும் கேபிள் எது என்று பாருங்கள். புது ஹோல்டரின் வயர் பழையதைவிட மெலிதாக இருக்கக் கூடாது. செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும்வரை வெட்டிவிட்டு கிரிம்ப் செய்யுங்கள்; மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க்.

கடைசியாக டெஸ்டிங். லோடு இல்லாமல் வோல்டேஜ் பார்த்தால் கெட்டுப்போன ஹோல்டரும் 12 காட்டும், ஏனென்றால் மின்சாரம் ஓடினால்தான் தடை தன்னைக் காட்டிக்கொள்ளும். லோடை ஆன் செய்து, மல்டிமீட்டரின் முனைகளை ஹோல்டரின் இரண்டு பக்கமும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் சரி. அரை வோல்ட் காட்டினால் கிரிம்பைத் திரும்பப் போடுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் தொட்டும் பாருங்கள். கை சுடக் கூடாது.