பேணியின் பின்பக்கம்

தங்கையின் வலீமாவுக்கு நெய்ச்சோறு. ஆறு பேணி நெய் வாங்கிக் கொடுத்திருந்தேன். சமையலுக்கு வந்த காக்கா முதல் பேணியைத் திறந்து மணந்து பார்த்தார். "தம்பி, இது நெய்யில்ல, மரக்கறி நெய்" என்றார். திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் மாட்டின் படம், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் 'தாவரக் கொழுப்பு'. தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவன், வாசிக்காமல் வாங்கியிருந்தேன்.

நெய் என்றால் பாற்கொழுப்பு மட்டுமே. வெண்ணெயை உருக்கி, நீரை வற்றவிட்டு, அடியில் சிவக்கும் கசட்டை வடித்தால் முடிந்தது. மரக்கறி நெய் பெரும்பாலும் பாம் எண்ணெயிலிருந்து வருவது, மணமும் நிறமும் பிறகு சேர்ப்பவை. மாஜரினிலும் தாவர எண்ணெய்தான் முதல். நமக்கு அதில் இன்னொரு கேள்வியும் உண்டு. எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்க அதில் சேர்க்கிற ஈ471 தாவரத்திலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எந்த விலங்கு என்பதை அந்த எண் சொல்லாது. ஹலால் முத்திரையைத் தேடுவது வீண் சந்தேகமல்ல.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். பேணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குவியல்தான் ஞாபகம் வருகிறது.

நான் படிப்பிப்பது களுவாஞ்சிக்குடியில். மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறேன். பெரிய றோட்டுக் கடைகளில் பால் என்று கேட்டால் பால்மாதான் கைக்கு வரும், இல்லாவிட்டால் பெட்டிப் பால். பெட்டிப் பாலை 135 பாகைக்கு மேல் சில செக்கன்கள் சூடாக்கி அடைக்கிறார்கள். அதனால்தான் மாதக்கணக்கில் தட்டில் நிற்கிறது. 72 பாகையில் 15 செக்கன் சூடாக்கிய பாஸ்டரைஸ் பால் பச்சைப்பாலுக்குக் கிட்ட நிற்கும், ஆனால் குளிர்ப்பெட்டி வேண்டும். கொழுப்பை நுணுக்கி உடைத்துக் கலந்துவிட்ட பாலில் ஆடை மிதக்காது. ஆடை இல்லையே, தண்ணி கலந்திட்டானோ என்று என் உம்மா கேட்பதற்கு விடை அதுதான்.

2021 கடைசியில் டொலர் இல்லாமல் பால்மா தட்டுப்பட்டபோதுதான் எங்கள் வீடு வாவிக்கு அக்கரையைத் திரும்பிப் பார்த்தது. மண்டூரிலிருந்து குருமண்வெளித் துறையால் வருகிற ஒருவரிடம் எருமைத் தயிர் வாங்கத் தொடங்கினேன். பசுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 3, 4 என்றால் எருமைப்பாலில் 7, 8. மண்சட்டி நீரை உறிஞ்சுவதால் தயிர் இன்னும் இறுகும். "சேர், கடைத் தயிர் மாதிரி இது நிக்காது, ரெண்டு நாளில புளிச்சிரும்" என்றார். அந்தக் குறைக்காகத்தான் வாங்குகிறேன். பாலும் கொண்டுவருவார். அதைப் பொங்கக் காய்ச்சாமல் ஒருவரும் தொடுவதில்லை. காய்ச்சாத பாலில் காசநோயும் புரூசெல்லோசிஸ் காய்ச்சலும் வரலாம். இயற்கை என்ற சொல் கிருமிக்குத் தெரியாது.

தேங்காய் எண்ணெயிலும் இப்படித்தான். 2021 மார்ச்சில் இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. ஈரம் போகாத கொப்பராவில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சு அது. சுத்திகரிப்பு மணத்தோடு சேர்த்து அந்த நஞ்சிலும் பெரும்பங்கை எடுத்துவிடும், செக்கு எடுக்காது. ஆகவே செக்கெண்ணெய் என்று எழுதியிருப்பது போதாது, கொப்பரா எப்படிக் காய்ந்தது என்று தெரிய வேண்டும்.

போன மாதம், எண்ணெய் ஆட்டி விற்கிற ஒருவரிடம் கொப்பராவைக் காட்டுவீங்களா என்று கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன். கோபிக்கவில்லை. சாக்கை அவிழ்த்து, அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நீட்டினார். உடைத்துப் பார்த்தேன், உள்ளே வெள்ளையாக, நன்றாகக் காய்ந்திருந்தது. இரண்டு போத்தல் வாங்கினேன்.